சூலமித்தியின் முகவரி

எலியா தீர்க்கதரிசிக்கு அவல் பிடிக்குமா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டதில்தான் இந்தத் தேடல் தொடங்கியது.

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கில் அவர் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் நேருக்கு நேர் இருக்கின்றன. அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. லாட் ஒன் கடைத்தொகுதியில் உள்ள நூலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு புத்தகமாவது எடுத்துவருவார். படித்து முடித்ததும் தாழ்வாரத்தில் நின்றபடியே எனக்குக் கதை சொல்லுவார். அன்று அவர் கையில் இருந்தது எஸ்தர் டேவிட் ஆங்கிலத்தில் எழுதிய 'ஷாலோம் இந்தியா ஹவுசிங் சொசைட்டி'.

"ஏம்மா, இந்த எலியா உங்க பைபிள்ல வர்றவர்தானே?"

"ஆமாக்கா. அக்கினி ரதத்துல பரலோகம் போனவர்."

"அவருக்கு இந்த யூதக்காரங்க அவல் படைக்கிறாங்களாம். தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய், கூடவே பழம். சரஸ்வதி பூசைக்கு நான் தேக்காவில அவல் வாங்கிச் செய்யறேனே, அதே மாதிரி. இது நெசமா இருக்கிற வழக்கமா, இல்ல எழுதின அம்மா தானாக் கட்டினதா?"

ஞாயிறு பள்ளியில் எனக்கு அறிமுகமான எலியா வேறு. காகங்கள் அப்பம் கொண்டுவந்து கொடுத்த எலியா, சாறிபாத் விதவையின் மாப்பானை குறையாமல் பார்த்துக்கொண்ட எலியா. அவல் தின்ற எலியாவை எனக்குத் தெரியாது. பழைய ஆவணங்களைத் தேடித் தொகுப்பது என் தொழில் என்பதால், "தேடிச் சொல்றேன்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

முதலில் பக்கத்திலேயே தேடினேன். என் தாத்தாவின் கல்லறை சுவா சூ காங் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 172ஆம் எண் பேருந்தில் மாதம் ஒருமுறை போவேன். சிங்கப்பூரில் இன்றும் புதிதாக அடக்கம் நடக்கும் இடம் சுவா சூ காங் கல்லறை வளாகம் ஒன்றுதான். கிறிஸ்தவர், முஸ்லிம், சீனர், இந்து, யூதர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. தாத்தாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஒருநாள் யூதர் பகுதிப் பக்கம் நடந்தேன். எபிரேய எழுத்தும் ஆங்கிலமும் பொறித்த கற்களையும் அறுகோண நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தக் கல்லறைகள் எல்லாமே இங்கேயே பிறந்தவை அல்ல. நகரத்தின் முதல் யூதக் கல்லறைத் தோட்டம் ஆர்ச்சர்ட் சாலையில், இன்று தோபி காட் எம்ஆர்டி நிலையம் இருக்கும் இடத்தில் இருந்தது. அடுத்தது தாம்சன் சாலையில், இன்றைய நோவினா நிலையத்தின் மேல் இருந்தது. 1980களில் ரயில் பாதைக்காக இரண்டுமே அப்புறப்படுத்தப்பட்டன. தாம்சன் சாலையில் கிடந்தவர்கள் சுவா சூ காங்குக்கு வந்தார்கள். ஆக, சுவா சூ காங்கில் சிவப்புத் தடத்தில் ஏறி நோவினா தாண்டி தோபி காட்டில் இறங்கும் என் வழக்கமான பயணம், இடம்பெயர்ந்த கல்லறைகளின் புது முகவரியிலிருந்து பழைய முகவரிகளுக்குப் போகும் பயணம். இருபது ஆண்டுகளாக அந்தத் தடத்தில் போய்வருகிறேன். இந்தத் தேடல் வரும்வரை அதை உணர்ந்ததில்லை.

சிங்கப்பூர் யூதர்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிப் பிரியும் பெலிலியோஸ் சாலையில் நடக்காத தமிழர் யார்? அது கல்கத்தாவிலிருந்து வந்த ஐ.ஆர். பெலிலியோஸ் என்ற யூத மாட்டு வணிகரின் பெயர். லிட்டில் இந்தியாவின் மாட்டுக் கொட்டகைக் காலத்தில் நம் ஆட்களோடு சேர்ந்து தொழில் செய்தவர். அங்கிருந்து சிலிகி சாலை வழியாக நடந்தால் மிடில் சாலையில் 1928இல் எழுந்த டேவிட் எலியாஸ் கட்டடம் நட்சத்திரம் தாங்கி நிற்கிறது. இன்னும் சற்று நடந்தால் வாட்டர்லூ தெருவில் 1878ஆம் ஆண்டின் மகேன் அபோத் ஜெப ஆலயம். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மஹல்லா'. நாட்டின் முதல் முதலமைச்சராக 1955இல் பதவியேற்ற டேவிட் மார்ஷல் அந்தச் சமூகத்தின் பிள்ளை.

ஆனால் அவலுக்கு இங்கே விடை இல்லை. இவர்கள் பாக்தாதி யூதர்கள். பாக்தாதிலிருந்து கல்கத்தா, பம்பாய் வழியாக வாணிகத்துக்காக வந்தவர்கள். வீட்டில் அரபு பேசி அதை எபிரேய எழுத்தில் எழுதியவர்கள். அவர்கள் விருந்துகளைப் பற்றிய பதிவுகளில் எத்தனையோ பண்டங்கள் வருகின்றன; எலியாவுக்கு அவல் படைப்பது வரவில்லை. அக்காவின் நாவலில் வருபவர்கள் கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தினர். அந்த அவல் படையலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மலிதா'. இரு சாராருக்கும் இடையே இருந்த தூரத்தைப் பம்பாயின் பழைய ஆவணம் ஒன்று காட்டியது. 1836இல் பாக்தாதியர் சிலர், கல்லறைத் தோட்டத்தில் தங்களுக்கும் பெனே இஸ்ரேலருக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பித் தரவேண்டும் என்று அரசிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது வைத்த தூரம் போதவில்லை, செத்தபிறகும் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். சாதிச் சுடுகாடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது மனம் கனத்தது.

அடுத்த தடம் என்னைக் கொச்சிக்கு இழுத்தது. யூதர் என்றாலே தமிழருக்குக் கொச்சிதான் நினைவுக்கு வரும். பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் மொழி அன்றைய தமிழுக்கு மிக அருகில் நிற்பது. கொச்சி யூதரின் நினைவுகளை ரூபி டேனியல் 1995இல் ஒரு புத்தகமாகத் தந்தார். சேந்தமங்கலத்தில் பிறந்த மலையாள எழுத்தாளர் சேது, அவ்வூர் யூதர்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பிப்போன கதையை 'ஆலியா' என்ற நாவலாக எழுதினார். ஆறு வாரம் இவற்றிலேயே மூழ்கிக் கிடந்தேன். எல்லாமே அருமையான பொருள்கள், ஆனால் மலிதா அங்கும் இல்லை. கொச்சி வேறு, கொங்கணம் வேறு. ஒரு சிறு குறிப்பை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டேன்: தாவீது ரஹாபி என்ற ஒரு பெயர் இரண்டு பக்கத்துக் கதைகளிலும் வருகிறது.

பிறகுதான் எங்கே தொடங்கியிருக்க வேண்டுமோ அங்கே வந்தேன்: எழுத்தாளரிடம். எஸ்தர் டேவிட் 1945இல் அகமதாபாத்தில் பிறந்தவர். பரோடாவில் சிற்பமும் கலை வரலாறும் படித்தவர். அவருடைய தந்தை ரூபன் டேவிட், வேட்டைக்காரராக இருந்து விலங்குகளின் காவலராக மாறியவர். காங்கரியா ஏரிக்கரையில் விலங்குக் காட்சிச்சாலையை உருவாக்கியவர். 1975இல் பத்மஸ்ரீ பெற்றவர். அகமதாபாத்தில் 1934இல் கட்டிய மாகேன் ஆபிரகாம் ஜெப ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த ஒரு சிறு கூட்டம்தான் எஸ்தரின் உலகம். தன் நாவல்களில் அவர் திரும்பத் திரும்ப எழுதுவது அந்தக் கூட்டத்தைத்தான். 'ராகேலின் நூல்' என்று நாம் சொல்லக்கூடிய நாவலில், தாண்டா என்ற கடலோரக் கிராமத்தில் தனியே வாழும் மூதாட்டி ஒருத்தி, விலைபோகவிருக்கும் ஜெப ஆலய நிலத்துக்காகப் போராடுகிறாள். அத்தியாயங்கள் சமையல் குறிப்புகளோடு தொடங்குகின்றன. அந்த நாவலுக்குத்தான் 2010ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது.

ஆனால் அது அவருடைய முதல் நாவல் அன்று. முதல் நாவல் 'த வால்ட் சிட்டி'. மதிலுக்குள் அடைபட்ட பழைய அகமதாபாத்தில் ஒரு யூதக் குடும்பத்துப் பெண்கள் மூன்று தலைமுறையாக வாழ்ந்த கதை. முதலில் எனக்குக் கிடைத்தது 2002இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பதிப்பு. நவீன யூத இலக்கிய வரிசையில் ஒன்றாக அது வந்திருந்தது. அட்டையைப் பார்த்தால், இந்தியாவில் யாரும் போடாததால் அமெரிக்கா போட்டதோ என்று தோன்றும். எங்கள் தொழிலில் அட்டையை நம்பக் கூடாது, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். ஆகவே பழைய பதிப்பு ஒன்றைத் தேடி வாங்கினேன். உறையைப் பிரித்துப் பின்பக்கத்தைப் புரட்டியதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். மானஸ். ஈஸ்ட் வெஸ்ட் புக்ஸ் (மெட்ராஸ்). 1997.

முந்தைய ஆண்டுதான் ஊரின் பெயர் சென்னை என்று மாறியிருந்தது. பதிப்பகத்தின் பெயரில் மெட்ராஸ் அப்படியே இருக்கிறது. கொங்கணக் கரையின் கதை, குஜராத்தி நகரத்தின் தெருக்கள், மராத்தி பேசும் யூதக் குடும்பம்; அச்சானதோ நம் ஊர்ப் பதிப்பகம் ஒன்றின் பெயரில். தில்லியும் பம்பாயும் ஆங்கில நாவல்களின் தலைநகரங்களாக இருந்த காலம் அது. இந்தக் கையெழுத்துப் பிரதியை முதலில் ஏற்று நூலாக்கியது மெட்ராஸ். அந்தச் சிறு பதிப்பிலிருந்து அகாதமி விருதுக்கு 13 ஆண்டு. அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நாம படிக்காம விட்டுட்டோமே" என்றார்.

சரி, நாவலில் அவல் இருக்கிறது. நாவலுக்கு முன்னால்?

இங்கேதான் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் வருகிறார். பெயரிலேயே ஊர் இருக்கிறது. கெஹிம் என்ற கிராமத்துக்காரர் கெஹிம்கர். நவகாவ் என்றால் நவகாவ்கர், தாண்டா என்றால் தாண்டேகர். நம்மவர்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பதுபோல், பெனே இஸ்ரேல் குடும்பங்கள் ஊர்ப்பெயரையே பின்னால் வைத்துக்கொண்டன. இந்த 'கர்' என்ற ஈறு பின்னால் எனக்கு ஒரு பூட்டைத் திறந்துகொடுத்தது; அதைப் பிறகு சொல்கிறேன்.

கெஹிம்கர் 1830இல் பிறந்தவர். பம்பாயில் தம் சமூகத்துப் பிள்ளைகளுக்காக 1875இல் பள்ளி எழும்பப் பாடுபட்டவர். பெனே இஸ்ரேலரின் வரலாற்றை அவர் எழுதி முடித்தது 1897இல். அச்சில் வந்தது 1937இல், அதுவும் டெல் அவிவ் நகரத்தில். நாற்பது ஆண்டுகள் அந்தக் கையெழுத்துப் படி காத்துக்கிடந்திருக்கிறது. எழுதியவர் அதற்குள் இறந்துவிட்டார். அதை அச்சேற்றிய இம்மானுவேல் ஓல்ஸ்வாங்கர் 1936இல் இந்தியாவுக்கு வந்தவர். யித்திஷ் மொழி நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அறிஞர். பின்னாளில் பகவத் கீதையை எபிரேயத்துக்குக் கொண்டுபோனவர். நாட்டுப்புறக் கதையின் அருமை தெரிந்த ஒருவர் கையில் சேர்ந்ததால் பிழைத்த புத்தகம் இது என்று நான் நம்புகிறேன்.

அந்த நூலில் விடை இருந்தது. எலியாவின் பெயரால் ஒரு விழா. அதற்குச் சமூகத்தார் சொல்லும் பெயர் 'எலியாஹு ஹன்னபிச்சா உரூஸ்'. எபிரேயத் தீர்க்கதரிசி, மராத்தி வேற்றுமை உருபு, முஸ்லிம் மகான்களின் தர்காவில் நடக்கும் உரூஸ். மூன்று வார்த்தைக்குள் ஒரு கடற்கரையே இருக்கிறது. யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15ஆம் நாள், நம் கணக்கில் தை மாதத்தை ஒட்டி, மரங்களின் புத்தாண்டாகக் கொண்டாடப்படும் நாளில் அது வரும். அலிபாக் அருகே கண்டாளா என்ற ஊரில் பாறையொன்றில் தடங்கள் உண்டு. எலியாவின் ரதம் அங்கே தரையைத் தொட்டுவிட்டு மேலே போனதால் விழுந்தவை என்பார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அங்கே போய் மலிதா படைப்பார்கள். நூறாண்டுக்கும் முன்பே எழுதப்பட்ட வழக்கம். எஸ்தர் டேவிட் இதைத் தானாகக் கட்டவில்லை, வீட்டிலிருந்து எடுத்து எழுதினார்.

அக்காவின் கேள்விக்கு இத்தோடு விடை கிடைத்துவிட்டது. இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கெஹிம்கர் விரித்துச் சொல்லும் மற்றக் கதைகள் என்னை விடவில்லை.

முன்னொரு காலத்தில் நவகாவ் கரையருகே ஒரு கப்பல் உடைகிறது. ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் தப்பிக் கரையேறுகிறார்கள். நூல்கள் கடலோடு போய்விட்டன. கரையில் கிடைத்த தொழில் செக்காட்டுவது. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர். தலைமுறைகள் கழிந்து தாவீது ரஹாபி என்ற யூதர் வருகிறார். இவர்கள் நம்மவர்தானா என்று அறிய, பெண்களிடம் கலவையாக மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொல்கிறார். செதிலும் துடுப்பும் உள்ள மீனை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறார்கள் அந்தப் பெண்கள். லேவியராகமத்தின் கட்டளை அவர்கள் கையில் இருந்தது, ஏட்டில் இல்லை. இந்த ரஹாபி கொச்சியில் டச்சுக்காரரோடு வாணிகம் செய்த 18ஆம் நூற்றாண்டுத் தாவீது ரஹாபிதான் என்பர் சிலர். பல நூற்றாண்டு முந்தைய வேறொருவர் என்பர் வேறு சிலர். கொச்சியில் எடுத்துவைத்த குறிப்பு இங்கே வந்து பொருந்தியது.

இந்தச் சமூகத்தைப் பற்றி வெளியார் எழுதிய மிகப் பழைய குறிப்பு எது? 1199ஆம் ஆண்டுவாக்கில் மைமோனிதஸ் பிரான்சின் லூனேல் நகர அறிஞர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் இருக்கும் யூதர்களுக்கு வேதம் தெரியாது, ஓய்வுநாளும் எட்டாம் நாள் விருத்தசேதனமும் மட்டுமே தெரியும் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்த வரி கொங்கணத்தவரைக் குறிக்கலாம். பெனே இஸ்ரேல் என்ற பெயரோடே வரும் குறிப்புக்கு இன்னும் 500 ஆண்டு தாண்டிவர வேண்டும். அதைத் தேடிப் போனபோது, மறுபடியும் நம் கரையில் வந்து நின்றேன். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தவரும் சென்னையிலும் கடலூரிலும் பணியாற்றியவருமான ஜே.ஏ. சார்ட்டோரியஸ் 1738இல் எழுதிய கடிதம் அது. மேற்குக் கரையில் தம்மை பெனே இஸ்ரேல் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் எபிரேய வேதம் இல்லை, 'ஷெமா' மட்டும் தெரியும் என்று அவர் எழுதுகிறார். ஷெமா என்பது உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் விசுவாச அறிக்கை. தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடர்ந்து அச்சாகி வந்தன. பழைய ஜெர்மன் எழுத்தில், கண் வலிக்கும் நெருக்கத்தில். தமிழுக்கு முதல் அச்சுப் பைபிளைத் தந்த அதே மிஷன்தான் பெனே இஸ்ரேலரின் பெயரையும் ஐரோப்பிய ஏட்டில் ஏற்றியது என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சார்ட்டோரியஸ் கேட்டறிந்து எழுதியதில் ஒரு ஜெபம் இருக்கிறது. மைமோனிதஸின் வரியில் ஓய்வுநாள் இருக்கிறது. மீன் பொறுக்கிய பெண்களும் அவல் நனைத்த பெண்களும் இரண்டிலுமே இல்லை. கடிதம் எழுதியவர்கள் வேதம் உண்டா, ஜெபம் உண்டா என்றுதான் கேட்டார்கள். என்ன சமைப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கெஹிம்கர் உள்ளே இருந்தவர் என்பதால் விழாவை எழுதினார். அடுப்பங்கரைக்குள் முழுதாக நுழைந்தவர் எஸ்தர் டேவிட். அதற்கு அவருக்கு நாவல் தேவைப்பட்டது. கப்பல் எந்த ஆண்டு உடைந்தது என்று நாவலைக் கேட்டுப் பயனில்லை. ஒரு குடும்பம் தன்னை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்று கேட்டால், எந்த ஆவணமும் தராத பதிலை நாவல் தரும். ஆவணக்காரியான நான் இதை எழுதுவது எளிதன்று. ஆனாலும் எட்டு மாதத்தில் கண்டது இதுதான்.

இவ்வளவும் ஆனபிறகு, வாசகர் வட்டத்துக்காக ஒரு சிறு அட்டை தயாரித்தேன். 'பெனே இஸ்ரேல் குடும்பத்தைப் பற்றி அந்தச் சமூகத்துப் பெண்ணே எழுதிய முதல் நாவல்: எஸ்தர் டேவிட், மெட்ராஸ், 1997' என்று முதல் வரி. அச்சுக்குக் கொடுக்குமுன் சரிபார்ப்பது பழக்கம். இந்திய யூத எழுத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றின் பின்னால் இருந்த நூற்பட்டியலை மூன்றாம் தடவையாகப் பார்த்தேன். அகரவரிசையில் டேவிட், எசேக்கியேல் தாண்டி ஒரு பெயர்: மகாதேவன், மீரா.

முன்பு இரண்டு முறையும் அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருந்தேன். கட்டுரையாளர் மேற்கோளுக்கு எடுத்த யாரோ ஒரு திறனாய்வாளர் என்று நினைத்திருந்தேன். மகாதேவன் என்றால் மயிலாப்பூரும் பாலக்காடும்தான் நம் காதில் கேட்கும். மூன்றாம் முறை கண் நூலின் பெயருக்குப் போனது: 'ஷூலமித்', 1975. தமிழ்ப் பைபிள் வாசித்து வளர்ந்தவளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உன்னதப்பாட்டில் வரும் சூலமித்தி. மகாதேவன் வீட்டுப் பெண்ணுக்குச் சூலமித்தியோடு என்ன உறவு?

மீரா மகாதேவன் என்ற பெயரை வேறிடத்தில் தேடினேன். நூலகத்தின் இலக்கிய அடுக்கில் கிடைக்காதவர் சமூகப் பணி அடுக்கில் கிடைத்தார். காந்தி நூற்றாண்டான 1969இல், தில்லியில் கட்டுமான வேலை நடந்த இடத்தில் சித்தாள்களின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதைக் கண்டு, அந்த இடத்திலேயே கூடாரம் போட்டுக் குழந்தைக் காப்பகம் தொடங்கியவர். 'மொபைல் கிரெஷஸ்' என்ற அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியில் இயற்பெயர் இருந்தது: மிரியம் ஜேக்கப் மெண்ட்ரேகர்.

மெண்ட்ரேகர். அந்த 'கர்'.

அவர் பெனே இஸ்ரேல் வீட்டுப் பெண். மகாதேவன் கணவர் வழியில் வந்த பெயர். இஸ்ரேலுக்குப் போவதா, பிறந்த மண்ணிலேயே இருப்பதா என்று ஒரு யூதக் குடும்பம் இரண்டாகப் பிளப்பதுதான் அவர் நாவலின் கரு. 1975ஆம் ஆண்டின் ஆங்கில நூலும் முதல் வடிவம் இல்லை. அவர் அதை முதலில் எழுதியது இந்தியில். பெயர் 'அப்னா கர்', நம் சொந்த வீடு. ஆண்டு 1961. எஸ்தர் டேவிட்டின் மெட்ராஸ் பதிப்புக்கு 36 ஆண்டு முன்னால்.

அந்த ஆண்டுகளில் வேறென்ன நடந்தது என்பதை வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தலைப்பின் கனம் விளங்கும். இஸ்ரேல் உருவான பிறகு பெனே இஸ்ரேலர் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். போன இடத்தில், இவர்கள் முழு யூதர்கள்தானா, மற்ற யூதர்கள் இவர்களை மணக்கலாமா என்று சமயத் தலைமை கேட்டது. முன்னோர் வரிசையைக் கிளறி விசாரிக்க வேண்டும் என்று 1962இல் ஓர் ஆணை வந்தது. சமூகத்தார் போராடினார்கள். 1964 ஆகஸ்டில் இஸ்ரேல் நாடாளுமன்றம் தலையிட்டு, இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று சொல்லவேண்டி வந்தது. கப்பல் உடைந்த கதையும் மீன் பொறுக்கிய கதையும் பாட்டிகள் சொல்லும் பொழுதுபோக்காக இருந்த காலம் போய், நாங்கள் யார் என்பதற்கான சான்றாக எடுத்து நீட்டவேண்டிய நிலை. 1836இல் கல்லறைக்கு நடுவே சுவர் கேட்டவர்களின் கேள்விதான், வேறு ஊரில், வேறு உடையில். அந்தச் சமயத்தில் ஒரு பெண் இந்தியில், இந்தி வாசகர்களுக்காக, 'நம் சொந்த வீடு' என்று ஒரு நாவலுக்குப் பெயர் வைக்கிறார்.

அவர் 1977இல் மறைந்தார். ஆங்கில நூல் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தைக் காப்பகங்கள் அவர் பெயரைக் காப்பாற்றின. நாவலோ, மகாதேவன் என்ற பெயருக்குள் இருந்துகொண்டு, என்னைப்போல் தேடுகிறவர்களின் கண்ணுக்கே இரண்டு முறை தப்பியது. கெஹிம்கரின் ஏடு நாற்பது ஆண்டு காத்திருந்ததற்குப் பதிப்பிக்க ஆள் இல்லாதது காரணம். மீராவின் நாவல் அச்சாகி, மொழிபெயர்ப்பும் ஆகி, அதன் பிறகும் அட்டவணையில் தொலைந்து நின்றது. ஒரு குடும்பத்தின் கதை அச்சாகிவிட்டால் போதும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இனி எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் பெண்களின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய இதழ்களிலும் கணவர் பெயரில், புனைபெயரில், வெறும் முதலெழுத்தில் மறைந்து நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

அட்டையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா அவல் நனைத்துக்கொண்டிருந்தார். நாவலில் படித்த முறைப்படி தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காய்ப் பொடியும் தயாராக இருந்தன. வாழைப்பழத்தையும் பேரீச்சையையும் நறுக்கிக்கொண்டே என் கதையை முழுதும் கேட்டார்.

"அப்ப அந்த மீராம்மாதான் முன்னாடியா?"

"ஆமாக்கா. 1961."

"எந்தப் பேரைப் போடப்போறே? அவங்க அப்பா ஊர்ப் பேரா, வீட்டுக்காரர் பேரா?"

மேசைமேல் அட்டையை வைத்து 1997ஐ அடித்தேன். எஸ்தர் டேவிட்டை ஒரு வரி கீழே இறக்கி எழுதினேன். மேல் வரியில் முதலில் மிரியம் ஜேக்கப் மெண்ட்ரேகர், பிறகு ஒரு கோடு, அதன்பின் மீரா மகாதேவன். 'அப்னா கர்', இந்தி, 1961. அக்கா கிண்ணத்தை அட்டையின் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க அதைக் கையில் எடுத்தார்.